வெள்ள நிவாரணப் படிவத்துக்கு யாருக்கும் காசு கொடுக்காதீர்கள்

2025இல் இலங்கையைத் தாக்கிய டித்வா புயலுக்குப் பிறகு, வீடு துப்புரவாக்க 25,000 ரூபாயும் சமையல் பாத்திரம், வீட்டுச் சாமான் வாங்க 50,000 ரூபாயும் தருவதாக அரசாங்கம் அறிவித்தது. அறிவிப்போடு தரகர்களும் மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரைக்குள் இறங்கிவிட்டார்கள். "மாமி, ஜீஎஸ்ஸிட்ட (கிராம உத்தியோகத்தரிட்ட) அலையத் தேவல்ல. ரெண்டாயிரம் தாங்க, நாங்க எடுத்துத் தாறம்" என்று சொல்லி, போட்டோகொப்பிப் படிவம் ஒன்றில் கையெழுத்து வாங்கி, அடையாள அட்டைப் பிரதியையும் பேங்க் புத்தகப் பிரதியையும் கொண்டு போகிறார்கள். அந்தப் படிவம் எங்கேயும் போய்ச் சேர்வதில்லை. சனம் காத்திருந்து களைத்து, பிரதேச செயலகமான டிஎஸ் ஒபிசுக்குப் போனால், "உங்கட பேர் பட்டியல்லயே இல்ல" என்கிறார்கள். அதற்குள் தண்ணீர் நின்ற உயரத்தைக் காட்டச் சுவரில் இருந்த சேற்றுக் கோட்டையும் கழுவித் துடைத்திருப்பார்கள்.

நிவாரணப் படிவத்துக்குக் கட்டணம் இல்லை. கிராம உத்தியோகத்தர் பார்த்து உறுதிப்படுத்த வேண்டும், பிரதேச செயலகம் அனுமதிக்க வேண்டும். இடையில் தரகருக்கு வேலையே கிடையாது. பேங்கிலிருந்து போனுக்கு வரும் இரகசிய இலக்கத்தை (OTP) யார் கேட்டாலும் சொல்லாதீர்கள். உங்களுக்குக் காசு போட அது தேவையில்லை, உங்கள் காசை எடுக்கத்தான் தேவை.

கிரான், புலிபாய்ந்தகல் பக்கம் பாதை தண்ணீருக்குள் போனால் உத்தியோகத்தர் வந்து சேர நாள் எடுக்கும். அவர் வரும்போது வீடு காய்ந்திருந்தால் முழங்கால் தண்ணீர் நின்ற வீடும் முற்றத்தோடு தப்பிய வீடும் ஒன்றாகத்தான் தெரியும். ஆகவே கழுவுவதற்கு முன்னமே படம் எடுங்கள். சேற்றுக் கோட்டுக்குப் பக்கத்தில் அளவு நாடாவைத் தரையிலிருந்து நிமிர்த்திப் பிடித்து ஒன்று, வீட்டு முகப்புத் தெரிய ஒன்று, ஊறிய மெத்தை, நெல் மூட்டை, ஃபிரிட்ஜ் தனித்தனியாக. மூலப் படத்தைப் போனிலேயே வைத்திருங்கள். வட்ஸ்அப்பில் அனுப்பிய பிரதியில் எடுத்த திகதி விவரம் அழிந்துவிடும்.

முகாமுக்குப் போகாமல் சொந்தக்காரர் வீட்டில் தங்கியவர்கள்தான் அதிகம் விடுபடுகிறார்கள். முகாம் பதிவை மட்டும் வைத்துப் பட்டியல் போடுவது பெரிய அநியாயம். பிள்ளை குட்டியோடு மச்சாள் வீட்டுத் திண்ணையில் படுத்தவர்களின் வீட்டுக்குள்ளும் அதே தண்ணீர்தான் நின்றது. விடுபட்டால் வாயால் சொல்லிவிட்டு வராதீர்கள். பிரதேச செயலாளருக்குக் கடிதம் இரண்டு பிரதி எழுதி, ஒன்றைக் கொடுத்து, மற்றதில் திகதி முத்திரை வாங்குங்கள். பதில் வராவிட்டால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் அங்குள்ள தகவல் அலுவலரிடம், எந்தக் காரணத்தால் பெயர் நீக்கப்பட்டது என்று கேளுங்கள். 14 வேலை நாட்களுக்குள் அவர் முடிவு சொல்ல வேண்டும்.

வயல்காரர் மறுவிதைப்புக்கு முன் கமநல சேவை நிலையத்துக்கு அறிவித்துவிடுங்கள். புதுப் பயிர் முளைத்த வயல் வரவையில் அழிவைக் காட்ட முடியாது.

உத்தியோகத்தரே கைக்காசு கேட்டால் இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவின் 1954க்கு எடுங்கள். கேட்ட நாள், இடம், தொகையை அன்றைக்கே எழுதி வைத்துக்கொண்டு பேசுங்கள்.