ரூ.18,500 என்று பேசி ரூ.2,140 கொடுத்தார்கள்: பழைய கணினி விற்பவர்கள் கவனிக்கவும்

ஆத்திரம் அடங்கும் முன்பே எழுதிவிடுகிறேன். அடங்கிவிட்டால் "போகட்டும்" என்று விட்டுவிடுவேன். நாம் அப்படி விட்டுவிடுவோம் என்பதை நம்பித்தான் இவர்கள் தொழிலே நடத்துகிறார்கள்.

வீடு மாறுகிறோம். இரண்டு மேசைக் கணினிகள், ஒரு மடிக்கணினி, இரண்டு மானிட்டர்கள், லேசர் பிரிண்டர், யுபிஎஸ், அவற்றோடு வாஷிங் மெஷின், ஒரு பீரோ ஆகியவற்றைக் கொடுத்துவிட முடிவு செய்தோம். வீட்டுக்கே வந்து எடுத்துக்கொண்டு பணம் தரும் இணையதளங்கள் இருக்கின்றன அல்லவா, அவற்றில் ஒன்றில் விவரங்களைப் பதிந்தேன். பெயரைச் சொல்லப்போவதில்லை. கேள்விகளுக்குப் பதில் சொல்லச் சொல்ல, திரையில் தொகை ஏறிக்கொண்டே வந்து ரூ.18,500-இல் நின்றது. "உறுதி செய்யப்பட்ட விலை" என்று பச்சை எழுத்தில் போட்டிருந்தார்கள். ஹார்ட் டிஸ்க்கில் உள்ளதை அழித்துச் சான்றிதழ் தருவதற்கு ரூ.499 தனிக் கட்டணம். அதையும் கட்டினேன்.

வந்த பையனைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். சீருடை, கழுத்தில் அடையாள அட்டை, அப்படியொரு பணிவு. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தான். கணினியின் பக்கவாட்டு மூடியைத் திறந்து பார்த்து, "அக்கா, நன்றாக வைத்திருக்கிறீர்கள், தூசிகூட இல்லை" என்றான். கணினியின் நினைவகமான ரேம் 16 ஜிபி என்பதைத் திரையில் காட்டி அவனே குறித்துக்கொண்டான். மடிக்கணினியை இயக்கிப் பார்த்தான், விசைப்பலகையின் ஒவ்வொரு பொத்தானையும் தட்டிப் பார்த்தான். இவ்வளவு பார்த்த பிறகு என்ன சந்தேகம் வரும்? "எல்லாம் சரியாக இருக்கிறது அக்கா. ரூ.18,500 மாலைக்குள் உங்கள் கணக்குக்கு வந்துவிடும். இப்போது ஒரு ஓடிபி வரும், அதை மட்டும் சொல்லுங்கள், பொருளை எடுத்ததாகப் பதிய வேண்டும்" என்றான். சொன்னேன். வண்டி போய்விட்டது.

அந்த ஓடிபி வந்த செய்தியின் கடைசி வரியில், "மையத்தில் நடக்கும் தரச் சோதனைக்குப் பின் நிர்ணயிக்கப்படும் இறுதி விலையை ஏற்கிறேன்" என்று இருந்தது. பொருளை எடுத்ததற்கான ஓடிபி என்று வாயால் சொல்லிவிட்டு, எழுத்தில் வேறொன்றுக்குச் சம்மதம் வாங்கியிருக்கிறார்கள். பையனுக்கு இது தெரிந்திருக்குமா என்று எனக்கு இன்னும் புரியவில்லை. தெரியாமலும் இருந்திருக்கலாம்.

மாலையில் பணம் வரவில்லை. பிறகு ஒரு அறிக்கை வந்தது. மானிட்டர்களில் புள்ளிகள், மடிக்கணினியில் மதர்போர்டு பழுது, பிரிண்டர் இயங்கவில்லை, மேசைக் கணினியில் ரேம் 4 ஜிபி. என் வீட்டில் 16 ஆக இருந்தது வண்டியில் போகும்போது எப்படி 4 ஆயிற்று? இறுதி விலை ரூ.2,140. வேண்டாமென்றால் பொருள்களைத் திரும்ப அனுப்ப ரூ.3,000 நான் கட்ட வேண்டுமாம்! என் பொருளை என்னிடமே திருப்பித் தருவதற்கு அவர்கள் தருவதைவிட அதிகமாக நான் தர வேண்டும். நான் பதில் அனுப்பும் முன்பே ரூ.2,140-ஐக் கணக்கில் போட்டு, "பரிவர்த்தனை முடிந்தது" என்றும் சொல்லிவிட்டார்கள்.

அதன் பிறகு நடந்ததெல்லாம் பந்து விளையாட்டுதான். அரட்டைப் பெட்டியில் முதலில் இயந்திரம் பேசும், பிறகு ஒரு மனிதர் வருவார், கதையை முதலிலிருந்து கேட்பார், "உங்கள் சிரமம் புரிகிறது" என்பார், மறைந்துவிடுவார். அடுத்து வருபவருக்கு மறுபடி முதலிலிருந்து. தொலைபேசியில் பேசினால், விலை நிர்ணயம் வேறு பிரிவாம், அந்தப் பிரிவுக்குத் தொலைபேசியே கிடையாதாம். புகாரைத் திறப்பேன், "தீர்வு காணப்பட்டது" என்று மூடிவிடுவார்கள். மேலதிகாரி என்று வந்த ஒருவர் சொன்னதுதான் உச்சம்: "மேடம், நீங்கள் எங்களுக்கு விற்றவர். விற்பவர் நுகர்வோர் ஆக மாட்டார்."

ரூ.499 கட்டி ஒரு சேவையை வாங்கியிருக்கிறேனே! நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன்படி பணம் கொடுத்துச் சேவை பெறுபவரும் நுகர்வோர்தான். அந்தச் சேவையாவது ஒழுங்காக நடந்ததா? சான்றிதழைக் கேட்டு வாங்கினேன். அதில் இருந்த வரிசை எண் என் ஹார்ட் டிஸ்க்கின் எண்ணே இல்லை. கொடுக்கும் முன் என் கணவர் எடுத்து வைத்த படத்தில் எண் தெளிவாக இருக்கிறது. அப்படியானால் எங்கள் ஹார்ட் டிஸ்க் எங்கே? அதில் ஆதார் நகல்கள், மாமனாரின் ஓய்வூதியக் காகிதங்கள், பிள்ளைகளின் படங்கள் எல்லாம் இருந்தன. கோப்பை நீக்கினால் பட்டியலிலிருந்து பெயர்தான் போகும், அதன்மேல் வேறு ஏதாவது எழுதப்படும் வரை உள்ளே இருப்பது இருந்துகொண்டே இருக்கும். டிஸ்க்கையே விரைவு ஃபார்மட் செய்து காலியாக்கினாலும் அதே கதைதான். ரூ.18,500 போனதைக்கூட ஒரு நாள் மறந்துவிடுவேன். இது தூங்க விடவில்லை.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்துவிட்டேன். அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையம். நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், பொருளுக்கோ சேவைக்கோ நாம் கொடுத்த தொகை ரூ.5 லட்சம் வரை என்றால் வழக்குக் கட்டணம் கிடையாது.

எதையெல்லாம் பார்த்துக் கொடுக்க வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது பொறுமை இல்லை. அவசரத்துக்கு இவ்வளவுதான். ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி வைத்துக்கொள்ளுங்கள், யார் கேட்டாலும் தராதீர்கள். அது இல்லையென்றால் விலை குறையும் என்பார்கள், குறையட்டும். கணினியை இயக்கி ரேம், வரிசை எண் எல்லாம் தெரியும்படி, வந்தவரும் அதில் இருக்கும்படி, வீடியோ எடுங்கள். பணம் கணக்கில் ஏறிய பிறகுதான் பொருள் வாசலைத் தாண்ட வேண்டும், "மாலைக்குள்" என்றால் பொருளையும் மாலையில் வந்து எடுக்கச் சொல்லுங்கள். ஓடிபி செய்தியைக் கடைசி வரி வரை படியுங்கள். சேவைக் கட்டணம் எவ்வளவு சிறியதானாலும் ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

"அரசு அங்கீகாரம் பெற்றது" என்று இணையப் பக்கத்தில் போட்டிருந்தால் பதிவு எண்ணைக் கேளுங்கள். 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள மின்கழிவு விதிகளின்படி, மறுசுழற்சி செய்பவரும் பழுது நீக்கி விற்பவரும் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் பதிந்திருக்க வேண்டும். நான் இவர்களிடம் கேட்டதற்கு, என் "மதிப்பு மிக்க கருத்துக்கு" நன்றி சொல்லிவிட்டு அந்தப் புகாரையும் மூடிவிட்டார்கள்.