மாரிக்கு வான்கோழிக் கொட்டில்: சீமெந்துத் தரையா, பரணா?

திருகோணமலையில் வான்கோழிக்குக் குளிர் ஒரு பிரச்சினையே அல்ல. மார்கழி இரவிலும் வெப்பநிலை 20 பாகைக்குக் கீழே இறங்குவது அரிது. இறகு முற்றிய பறவைக்கு அது ஒன்றும் செய்யாது. ஐப்பசியில் தொடங்கித் தை வரை விடாமல் நிற்கிற ஈரம்தான் பறவையைக் கொல்லும். ஆகவே கொட்டிலைத் தெரிவு செய்யும்போது காலடி எவ்வளவு காய்ந்திருக்கும் என்பதை முதலில் பாருங்கள். நான் சீமெந்துத் தரையிலும், நிலத்திலிருந்து உயர்த்தி இடைவெளி விட்டுச் சலாகை அடித்த பரணிலும் வைத்துப் பார்த்துவிட்டுப் பரணையே தெரிவு செய்திருக்கிறேன்.

வளவில் அவிழ்த்துவிட்டு முருங்கையில் அடைய விடுவது மூன்றாவது வழி. மாரிக்கு அது சரிவராது. ஊர்க்கோழியின் குடல்புழு முட்டைகளோடு ‘பிளாக்ஹெட்’ நோய்க் கிருமியும் மண்ணில் வருடக்கணக்கில் கிடக்கும், மண்புழுவுக்குள்ளும் போகும். மழைக்கு மேலே வரும் மண்புழுவை வான்கோழி விடுமா? கோழி தாங்கிக்கொள்ளும் அந்த நோய் வான்கோழியின் ஈரலை அரித்துவிடும். மஞ்சளாக எச்சமிடத் தொடங்கினால், மருந்தை நம்பிப் பெரிதாகப் பலனில்லை.

சீமெந்துத் தரை இதைத் தடுக்கும். கீரி, மரநாய்க்கும் பயமில்லை. அதன் சிக்கல் தரையில் பரப்புகிற உமியில் இருக்கிறது. தம்பலகாமம் பக்கத்து ஆலைகளில் உமி தாராளமாகக் கிடைக்கும். ஆனால் உமி ஈரத்தை அவ்வளவாக உறிஞ்சாது. மரத்தூள் உறிஞ்சும், காயாவிட்டால் பூஞ்சணம் பிடிக்கும். ஒரு பிடி அள்ளி இறுக்கிப் பாருங்கள்: கையை விரித்ததும் உதிர்ந்தால் நல்லது, உருண்டையாகவே நின்றால் மாற்றியாக வேண்டும். வாடைக்காற்றோடு சாரல் அடிக்கிற கிழமைகளில் காலையில் மாற்றியது பின்னேரமே உருண்டை பிடிக்கும். ஈர உமியில் இரத்தக்கழிச்சல் கிருமி பெருகும். குனிந்தால் மூக்கில் ஏறுகிற அந்தக் காரநெடியைப் பறவை இரவு முழுக்கச் சுவாசிக்கிறது. வெயிலே இல்லாத நாளில் புது உமியை எங்கே காயவைப்பது?

பரணில் இந்த வேலையே இல்லை. மூன்றடி உயரத்தில் பனஞ்சலாகையை ஓரங்குல இடைவெளி விட்டு அடித்தால் எச்சமும் தண்ணீரும் கீழே போய்விடும், காற்று அடியால் வந்து காயவைக்கும். கூரைக்குக் கிடுகு, வாடைப்பக்கம் மட்டும் தறப்பாள். மற்றப் பக்கங்களை மூடினால் நெடி தங்கிவிடும். கீழே குவிவதை வாரத்துக்கொரு தடவை வாரி வாழைக்குப் போடலாம். பரணைச் சுற்றி வலை கட்டாவிட்டால் அக்கம்பக்கத்துக் கோழிகள் வந்து கிளறும். அடியில் தண்ணீர் தேங்கவும் கூடாது. நுளம்பு பெருகினால் அம்மை வரும், வான்கோழியின் மொட்டைத் தலையில் அதன் பொருக்குகள் உடனே தெரியும்.

பரணுக்கும் குறை உண்டு. 2020 டிசம்பர் 2இல் புரெவிப் புயல் கரையேறியது இந்த மாவட்டத்தில்தான். கால்களை ஆழமாகப் புதைத்துக் கொங்கிரீட் போடாமல் பரண் கட்ட வேண்டாம். காற்றைத் தாங்குவதில் சீமெந்துக் கொட்டில்தான் மேல். அப்புறம், என்னுடையவை எடை குறைந்த ஊர்க் கறுப்பு இனம். பெரிய வெள்ளை இனச் சேவலின் பாதத்துக்குச் சலாகை ஒத்துவருமா என்று அனுபவத்தில் சொல்ல எனக்கு வழியில்லை.

எந்தக் கொட்டிலானாலும் சோளத்தை மூடி போட்ட பீப்பாயில் வையுங்கள். 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் செத்தது தீவனத்தில் சேர்த்த நிலக்கடலைப் பிண்ணாக்கின் பூஞ்சண நஞ்சால். மணம் மாறிய தீனியைக் கொட்டிவிடுங்கள்.

குஞ்சுகளுக்கு மட்டும் பரண் வேண்டாம். முதல் வாரத்தில் அவற்றுக்கு 35 பாகை அளவில் சூடு வேண்டும். அடியால் காற்று வரும் இடத்தில் எத்தனை பல்பு போட்டாலும் அது நிற்காது. இறகு முற்றும்வரை அவற்றைப் பழைய சீமெந்துக் கொட்டிலின் ஒரு மூலையில், காய்ந்த உமிமேல்தான் வளர்க்கிறேன்.