மேடைக் கேடயம்: காகிதமா, தெர்மோகோலா, ஃபோமா?

எங்கள் நாடகக் குழுவுக்கு ஒரே கேடயத்தை மூன்று தடவை செய்து கொடுத்திருக்கிறேன். முதலில் காகிதத்தில், அடுத்து தெர்மோகோலில், கடைசியாக ஈவிஏ ஃபோமில், அதாவது ரப்பர் மாதிரி வளையும் மெத்தென்ற பிளாஸ்டிக் ஷீட்டில். இப்போது மேடையேறுவது அந்த மூன்றாவதுதான். அதனால் நான் ஃபோம் பக்கம் சாய்ந்துதான் எழுதுவேன், முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

செலவையும் எடையையும் பற்றி நீட்டி முழக்க வேண்டியதில்லை. பழைய செய்தித்தாளும் மாவுப் பசையும் கிட்டத்தட்ட சும்மா கிடைப்பவை. தெர்மோகோலை டிவி வந்த அட்டைப்பெட்டியிலிருந்தே எடுத்துக்கொள்ளலாம். ஃபோம் ஷீட்டைக் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும். மூன்றுமே கையில் கனக்காது. பெயின்ட் ஒழுங்காக அடித்திருந்தால் பத்து மீட்டர் தள்ளி உட்கார்ந்திருப்பவருக்கு மூன்றும் இரும்பாகத்தான் தெரியும்.

ஆனால் மேடைப் பொருள் என்றால் அடி வாங்கும், கீழே விழும், அவசரத்தில் யாராவது மிதிப்பார்கள். இன்று மாலை உடைந்தது நாளை மாலைக்குள் சரியாக வேண்டும், சில சமயம் இடைவேளை முடிவதற்குள்ளேயே. எனக்கு எல்லாவற்றையும் தீர்மானித்தது இந்த ஒரு விஷயம்தான்.

காகிதக் கேடயம் ஐந்து அடுக்கு ஒட்டியது, காய்ந்த பிறகு தட்டினால் மரப்பலகை மாதிரி டொக் டொக்கென்று கேட்கும், செய்தபோது அவ்வளவு பெருமையாக இருந்தது. இரண்டாவது ஒத்திகையில் வாள் பட்டு விளிம்பு நசுங்கி, அடுக்குகள் பிரிந்து உள்ளே இருந்த எழுத்துகள் தெரிந்தன. சரிசெய்வது கஷ்டமில்லை, கிழித்த தாளைப் பசையில் நனைத்து ஒட்டினால் போதும். ஆனால் ஓர் அடுக்கு நன்றாகக் காய ஒரு நாள் ஆகிறது, மழைக்காலத்தில் இன்னும் கூடுதல். ஈரம் போகாமல் அவசரப்பட்டு மேலே பெயின்ட் அடித்தால் உள்ளே பூஞ்சை பிடிக்கும். நான் ஹேர் டிரையர் வைத்து உலர்த்திப் பார்த்தேன், மேல்தோல் காய்ந்தது, உள்ளே நசநசவென்றே இருந்தது.

தெர்மோகோலில் செய்த கேடயம் ஒரே நாளில் முடிந்தது. உடைந்தபோதுதான் சிக்கல். அது பிளக்காமல் உதிர்கிறது. ஒரு ஓரம் போனால் வெள்ளை மணிகளாகச் சிதறி நடிகர்களின் கறுப்பு உடையெல்லாம் ஒட்டிக்கொள்கிறது, திரும்ப ஒட்டுவதற்குத் துண்டே கையில் இருக்காது. போதாததற்கு ஸ்ப்ரே பெயின்ட் பட்டால் கரைந்து குழி விழும், கரைப்பான் கலந்த பசை பட்டாலும் அதே கதி. மேலே துணியை வெள்ளைப் பசையால் ஒட்டினால் கொஞ்சம் உறுதியாகும், ஆனால் அதற்குள் காகிதத்துக்கு ஆகும் நேரத்தில் பாதி போய்விடும்.

அப்புறம்தான் ஃபோம். பத்து மில்லிமீட்டர் ஷீட்டில் உடல், இரண்டு மில்லிமீட்டரில் அலங்காரப் பட்டை. பிளேடால் மேலோட்டமாக ஒரு கோடு கீறி, சூடான காற்றை ஊதும் ஹீட் கன்னைக் காட்டினால் அந்தக் கோடு தானாக வாய் திறந்து, செதுக்கிய மாதிரி நிற்கும். முதல் தடவை அதைப் பார்த்தபோது வேலையை விட்டுவிட்டு வெறும் துண்டுகளில் கோடு போட்டுக்கொண்டே இருந்தேன். அதே சூட்டில் மேல்பரப்பின் நுண்துளைகள் மூடிக்கொள்வதால் பெயின்ட்டை உறிஞ்சுவதும் குறைகிறது.

இந்தக் கேடயம் இதுவரை மூன்று இடத்தில் பிரிந்திருக்கிறது, மூன்றுமே ஒட்டிய மூட்டுகள், ஃபோம் கிழியவில்லை. கான்டாக்ட் சிமென்ட் என்ற பசையை இரண்டு பக்கமும் மெல்லிசாகத் தடவி, கையில் ஒட்டாத பதம் வரும்வரை ஒரு பத்து நிமிஷம் விட்டு, அழுத்தினால் அங்கேயே பிடித்துக்கொள்ளும். ஒரு முறை இடைவேளையில் செய்து, அடுத்த காட்சியிலேயே அது வாளைத் தாங்கியது. ஆனால் வைக்கும்போதே சரியாக வைக்க வேண்டும், தொட்ட பிறகு நகர்த்த முடியாது. அந்தப் பசையின் நெடி தலைவலி தரும், ஜன்னல் இல்லாத ஒப்பனை அறையில் வேண்டாம், வெளியே போய் ஒட்டுங்கள்.

குறையும் உண்டு. பிளேடு சீக்கிரம் மழுங்குகிறது, மழுங்கினதால் வெட்டினால் ஓரம் பிய்ந்து அசிங்கமாகும். பெயின்ட் தடிமனாக இருந்தால் வளையும் இடத்தில் வெடிக்கும். தட்டினால் சத்தமே வராது, வாள் மோதும் ஓசைக்குத் திரைக்குப் பின்னால் ஓர் ஆள் தேவைப்படுகிறார். எங்கள் ஃபோம் கேடயத்துக்கு இரண்டு வருஷம்தான் ஆகிறது, அதனால் ஐந்து வருஷம் தாங்கும் என்றெல்லாம் அடித்துச் சொல்ல மாட்டேன். பாறை, தூண் மாதிரி பெரியவற்றை நான் ஃபோமில் செய்ததும் இல்லை. யாரும் தொடாத அந்த மாதிரிப் பொருளுக்குத் தெர்மோகோலே போதும் என்றுதான் தோன்றுகிறது.

அடுத்த நாடகத்துக்கு ஒரு கிழவன் முகமூடி கேட்டிருக்கிறார்கள், அதைக் காகிதத்தில்தான் செய்யப்போகிறேன். அந்தச் சுருக்கங்கள் களிமண் அச்சின் மேல் தாள் ஒட்டும்போது வருவதுபோல் ஃபோமில் எனக்கு வரவில்லை, அதை யாரும் வாளால் அடிக்கப்போவதும் இல்லை, காய்வதற்கு மூன்று வாரமும் கையில் இருக்கிறது.