ஜிலிப் மேக்ரோக்கள்: பாயின்டருக்குள் ஓர் எண்

சி மொழியில் வேலை செய்யும் எனக்கு, ஆயத்த நிரல்களின் தொகுப்பான ஜிலிப் (GLib) நூலகம் இல்லாமல் நாள் ஓடாது. அதிலும் ஜிஇன்ட்_டு_பாயின்டர், ஜிபாயின்டர்_டு_இன்ட் என்ற இந்த ஜோடி மேக்ரோக்கள் (சுருக்க நிரல்கள்) மேல் எனக்குத் தனிப் பிரியம். முதலாவது முழு எண்ணைப் பாயின்டராக, அதாவது நினைவக முகவரியாக மாற்றும்; இரண்டாவது அதைத் திரும்ப எண்ணாக்கும்.

சாவிக்கு ஒரு மதிப்பை வைக்கும் ஹாஷ் டேபிளானாலும், பிறகு அழைக்கக் கொடுத்துவைக்கும் கால்பேக் ஃபங்ஷனானாலும், எந்த வகைத் தரவையும் சுட்டும் வாய்ட் பாயின்டரைத்தான் கேட்கும். கையில் இருப்பதோ 42 என்ற ஐடி. அதற்காக மாலாக் போட்டு 4 பைட் நினைவகம் வாங்கி, மறக்காமல் ஃப்ரீ போட்டுத் திருப்பியும் கொடுக்க வேண்டுமா? எண்ணையே பாயின்டராக்கி அனுப்பிவிட்டு, அந்தப் பக்கம் திரும்ப எடுத்துக்கொள்ளலாம்.

வெறும் காஸ்ட் (வகை மாற்றம்) போதாதா என்று நானும் முயன்றேன். 32 பிட்டில் ஓடியது. 64 பிட்டில் கம்பைல் செய்தால், அளவு பொருந்தவில்லை என்று வரிக்கு வரி எச்சரிக்கை. சரி, நடுவில் லாங் என்ற முழு எண் வகைக்கு மாற்றினேன், லினக்ஸில் அடங்கியது. ஆனால் 64 பிட் விண்டோஸில் லாங் 32 பிட்தான். பழைய எச்சரிக்கை அங்கே திரும்ப வந்தது. நடுவில் எந்த வகை வர வேண்டும் என்பதை மேக்ரோவே தளத்துக்கு ஏற்றபடி பார்த்துக்கொள்கிறது. எனக்கு அதுவே பெரிய நிம்மதி.

32 பிட்டுக்குள் அடங்காத எண்ணை இந்த மேக்ரோவில் வைத்தால் சிதைந்துவிடும்; அதற்கு ஜிசைஸ்_டு_பாயின்டர் இருக்கிறது. முகவரியை இன்ட்டுக்குள் வைக்கவே கூடாது என்று ஜிலிப் ஆவணம் பெரிய எழுத்தில் எச்சரிக்கிறது. முகவரியையே எண்ணாகப் பார்க்க வேண்டுமென்றால் சி99 தந்த யுஇன்ட்பிடிஆர்_டி (uintptr_t) என்ற எண் வகையை எடுங்கள்.

என்னை உண்மையிலேயே வாட்டியது பூஜ்யம். ஒவ்வொரு இணைப்புக்கும் எத்தனை முறை மறுமுயற்சி நடந்தது என்று ஹாஷ் டேபிளில் வைத்திருந்தேன். பூஜ்யத்தைப் பாயின்டராக்கினால் நல் (NULL), அதாவது எதையும் சுட்டாத பாயின்டர். சாவியே இல்லாவிட்டாலும் டேபிளில் தேடும் லுக்கப் ஃபங்ஷன் நல்தான் தரும். அதனால் மறுமுயற்சியே தேவைப்படாத நல்ல இணைப்புகளை எல்லாம் நிரல் புதியவை என்று எண்ணி, தொடக்க வேலைகளை மறுபடி மறுபடி செய்தது. எச்சரிக்கை இல்லை, கிராஷ் இல்லை, வேகம் மட்டும் குறைந்தது. இரண்டு நாள் தேடிக் கண்டுபிடித்தேன்.

லுக்கப்_எக்ஸ்டெண்டட் என்ற இன்னொரு ஃபங்ஷன், சாவி இருக்கிறதா என்பதைத் தனியாகச் சொல்லிவிடும். அப்புறம் நான் அதற்கு மாறிவிட்டேன். டேபிளுக்குள் போகும் ஈனம்களையும் (பெயரிட்ட எண் பட்டியல்கள்), பூஜ்யம் வராதபடி இப்போது 1-லிருந்துதான் தொடங்குகிறேன்.