அனிமேஷன் கோர்ஸ்னு 18,500 ரூபா கட்டி ஏமாந்தேன், டீச்சர்ஸ் கொஞ்சம் படிச்சுட்டுப் போங்க

நான் கேரளாவுல, பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறை பக்கம் ஒரு தமிழ் மீடியம் எல்.பி. (லோயர் பிரைமரி) ஸ்கூல்ல டீச்சரா இருக்கேங்க. ஒண்ணாங்கிளாஸ், ரெண்டாங்கிளாஸ். எங்க சித்தூர் தாலுகாவுல வீட்டுல தமிழ், கடைவீதியில பாதி மலையாளம்னுதான் பிள்ளைங்க வளருது. கிளாஸ்ல காட்டறதுக்கு மலையாளத்துல நிறைய வீடியோ கிடைக்கும், தமிழ்ல தேடினா தமிழ்நாட்டு புக்குக்கு செஞ்சதுதான் வரும், நம்ம கேரளா புக்குல இருக்கற பாடத்துக்கு ஒத்து வராது. அதனால நாமளே செஞ்சுக்கலாம்னு ரொம்ப நாளா ஆசை. எழுத்து எப்படி எழுதறதுங்கறதை மெதுவா கோடு ஓடற மாதிரி காட்டணும், மழை எப்படி வருதுன்னு மேகம் நகர்ற மாதிரி காட்டணும், அவ்வளவுதான் எனக்கு வேணும்.

போன வருஷம் ஏப்ரல்ல லீவு விட்டதும் பொள்ளாச்சியில ஒரு சென்டரோட நோட்டீஸ் வாட்ஸ்அப்ல வந்துச்சு. பேர் இங்க போடல, கேஸ் நடக்குது. "ஆசிரியர்களுக்கான கிராபிக்ஸ் & அனிமேஷன், 24 கிளாஸ், ஒரிஜினல் லைசென்ஸ் சாஃப்ட்வேர், மத்திய அரசு அங்கீகாரம் பெற்ற சர்டிபிகேட்"னு போட்டிருந்தாங்க. கோபாலபுரம் செக்போஸ்ட் தாண்டினா பொள்ளாச்சி, பஸ்ல போய்ட்டு வந்துடலாம்னு நானும் என் கூட வேலை பார்க்கற ரெண்டு டீச்சரும் சேர்ந்தோம். கோர்ஸுக்கு 14,000, சாஃப்ட்வேர் லைசென்ஸுக்குன்னு தனியா 4,500. ஜிபேல அனுப்பும்போது சென்டர் பேர் வரல, யாரோ ஒரு ஆளோட பேர் வந்துச்சு, கேட்டதுக்கு "அது நம்ம பார்ட்னருங்க டீச்சர், ஒண்ணும் பயப்படாதீங்க"ன்னாங்க. அங்கயே திரும்பி வந்திருக்கணும்.

மொத நாளே சார் எங்க லேப்டாப்பை வாங்கி ஆன்ட்டி வைரஸை ஆஃப் பண்ணிட்டு ஒரு பென்டிரைவ்ல இருந்து என்னமோ ஏத்தினார். அனிமேஷனுக்கு ஃபிளாஷ் சிஎஸ்6, படத்துக்கு போட்டோஷாப் சிஎஸ்6, ரெண்டுமே அடோபி கம்பெனியோடது. ரெண்டும் 2012ல வந்தது, அடோபி அதை விக்கறதையே நிறுத்தி வருஷக்கணக்காச்சுன்னு எனக்கு அப்ப தெரியாது. லைசென்ஸ்னு சொன்னது பேட்ச் போட்ட திருட்டு காப்பி, அதுக்குத்தான் நாங்க ஆளுக்கு 4,500 கொடுத்திருக்கோம்.

கிளாஸ் என்னமோ ஆர்வமாத்தான் போச்சு முதல்ல. டைம்லைன், கீ ஃப்ரேம், மோஷன் ட்வீன்னு சொல்லிக் கொடுத்தார், ஒரு பந்து இந்தப்பக்கம் இருந்து அந்தப்பக்கம் உருண்டு போனப்போ நாங்க மூணு பேரும் கை தட்டினோம். மழை பாடத்துக்கு மேகம், கடல், ஆவி மேல போறதுன்னு நான் ரெண்டு வாரம் ராத்திரி உட்கார்ந்து செஞ்சேன். அதை அவர் ஃபிளாஷ் பிளேயர்ல ஓடற .swf ஃபைலா எடுத்துக் கொடுத்தார், கூடவே ஒரு .exe ஃபைல். ஜூன்ல ஸ்கூல் திறந்து பிரவேசனோத்சவம் (புதுப் பிள்ளைங்களை வரவேற்கற விழா) எல்லாம் முடிஞ்ச அடுத்த வாரம் ஸ்கூல் லேப்டாப்ல போட்டா ரெண்டுமே திறக்கல.

ஏன்னு அப்புறம்தான் தெரிஞ்சுகிட்டேன். ஃபிளாஷ் பிளேயரை அடோபி 2020 டிசம்பர் 31ஓட நிறுத்திட்டாங்க, 2021 ஜனவரி 12ல இருந்து அதுல ஃபிளாஷ் ஃபைல் ஓடவே ஓடாத மாதிரி பூட்டியும் வச்சுட்டாங்க. பிரவுசர் எல்லாமே அதை எடுத்தாச்சு. நம்ம ஸ்கூல்ல இருக்கறது கைட் (ஸ்கூல்களோட கம்ப்யூட்டர் வேலையைப் பார்க்கற கேரள அரசு நிறுவனம்) கொடுத்த லேப்டாப், உபுண்டு லினக்ஸ், அதுல விண்டோஸுக்கான .exe அப்படியே ஓடாது. செத்துப்போன ஒரு சாஃப்ட்வேரை வருஷம் தாண்டி எங்களுக்குப் புதுசுன்னு வித்திருக்காங்க. ஃபோன் பண்ணி கேட்டா, "உங்க ஸ்கூல் லேப்டாப்ல விண்டோஸ் போட்டுக்கங்க டீச்சர்"னு பதில். கவர்மென்ட் லேப்டாப்ல நான் எப்படிங்க போடறது?

இதைவிட எனக்கு இன்னிக்கும் ஆறாதது வேற ஒண்ணு. கோர்ஸோட "200 ரெடிமேட் தமிழ் எழுத்துப் படங்கள்"னு ஒரு ஃபோல்டர் கொடுத்திருந்தாங்க. முழுசா பார்க்காம கிளாஸ்ல போட்டது என் தப்புதான், ஒத்துக்கறேன். கெ, கே, கொ, கோ வரிசை. அதுல கொம்பு க-வுக்குப் பின்னாடி நின்னுச்சு. எல்லா எழுத்துலயும் அப்படித்தான். பழைய போட்டோஷாப்ல யூனிகோட் தமிழை (எல்லா கம்ப்யூட்டருக்கும் பொதுவான எழுத்து முறை) சும்மா டைப் பண்ணினா இப்படித்தான் உடையும், ஏன்னா நாம க-வை முதல்ல அடிச்சுட்டு அப்புறம்தான் கொம்பை அடிக்கறோம், அதை எடுத்து முன்னாடி வைக்க வேண்டியது சாஃப்ட்வேரோட வேலை, இந்த சாஃப்ட்வேருக்கு அது தெரியாது. பின்னாடி வந்த வெர்ஷன்ல தெற்காசிய மொழிங்களுக்குன்னு ஒரு செட்டிங் வந்துச்சு, இதுல அந்த செட்டிங்கே கண்ணுல படல. நான் போர்டுல எழுதிட்டுத் திரும்பறதுக்குள்ள ஒரு பையன் நோட்டுல அப்படியே பார்த்து எழுதிட்டான், க எழுதி அதுக்குப் பின்னாடி கொம்பு. அழகா, கோட்டுக்குள்ள, சுத்தமா எழுதியிருந்தான். அதை ரப்பர் வச்சு அழிக்கச் சொல்ல எனக்கு வாய் வரல. மலையாளத்துலயும் கொம்பு முன்னாடிதான் வரும், அந்தப் பிள்ளை ரெண்டு மொழியிலயும் சரியா கத்துக்க வேண்டியதை என் ஸ்கிரீன்ல நானே தப்பாக் காட்டியிருக்கேன்.

இதையும் அவங்ககிட்ட சொன்னேன். "ஃபாண்ட் பிராப்ளம், பாமினில டைப் பண்ணுங்க"ன்னார். பாமினில பண்ணி, பிபிடில போட்டு, அவங்க கம்ப்யூட்டர்ல பார்த்தா சரியா இருந்துச்சு, ஸ்கூல்ல வந்து திறந்தா 'கொடி'ன்னு அடிச்சது 'என் எஃப் ஹெச் பி'ன்னு இங்கிலீஷ் எழுத்தா நின்னுச்சு. பாமினி யூனிகோட் இல்லைங்க, உள்ளுக்குள்ள இருக்கறது வெறும் இங்கிலீஷ் எழுத்துதான், அந்த ஃபாண்ட் இல்லாத கம்ப்யூட்டர்ல தமிழே தெரியாது. பிரிண்ட் பிரஸ்காரங்களுக்கு அது பழக்கம், சரி. ஊர் ஊரா ஃபைல் போற டீச்சருக்கு அது எதுக்கு.

24 கிளாஸ்ல 11தான் நடந்துச்சு. ஜூலையில சார் வேலையை விட்டுட்டார்னாங்க, புது சார் வருவார் வருவார்னு ஓணம் லீவு வரைக்கும் இழுத்தாங்க. சர்டிபிகேட் மட்டும் டக்குனு கொடுத்துட்டாங்க. அதுல "அங்கீகாரம்"னு போட்டிருந்தது ஒரு உத்யம் நம்பரும் ஒரு ஐஎஸ்ஓ முத்திரையும். உத்யம்ங்கறது சின்னத் தொழில் நடத்தறேன்னு யார் வேணா பதிஞ்சுக்கற நம்பர், மாவு மில்லுக்கும் அதுதான் தையக்கடைக்கும் அதுதான். கோர்ஸ் நல்லதான்னு அதை வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது. தொழிற்பயிற்சிக்கு நிஜமா அங்கீகாரம் கொடுக்கறது என்சிவெட்னு மத்திய அரசுல தனியா ஒரு கவுன்சில். பில்லுல போட்டிருந்த ஜிஎஸ்டி நம்பரை எண்ணிப் பார்த்தேன், 14 எழுத்து. ஜிஎஸ்டி நம்பர்னா 15 இருக்கணும், தமிழ்நாடுன்னா 33ல, நம்ம கேரளான்னா 32ல ஆரம்பிக்கும், ஜிஎஸ்டி வெப்சைட்ல அடிச்சா யார் பேர்ல இருக்குன்னு ஒரு நிமிஷத்துல காட்டிடும். பணம் கட்டறதுக்கு முன்னாடி அந்த ஒரு நிமிஷத்தை நான் செலவு பண்ணல.

இப்ப கேளுங்க. என்கிட்ட ஒண்ணாங்கிளாஸ் படிச்ச பொண்ணு இப்ப ஒன்பதாவது, அவ ஸ்கூல்ல லிட்டில் கைட்ஸ்ல இருக்கா. 2018ல இருந்து கைட் ஹைஸ்கூல் பிள்ளைங்களுக்கு நடத்தற கிளப் அது. நான் புலம்பறதை அவங்கம்மாகிட்ட கேட்டுட்டு ஒரு ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வந்தா. "டீச்சர், எங்களுக்கு டுபிடியூப்ல சொல்லித் தந்தாங்க, பார்க்கறீங்களா"ன்னு உட்கார்ந்தா. அப்புறம் கிரிட்டா எடுத்துக் காட்டினா. ரெண்டுமே வரைஞ்சு அசைய வைக்கற இலவச சாஃப்ட்வேர். ஒவ்வொரு ஃப்ரேம்லயும் கோட்டை கொஞ்சம் கொஞ்சமா நீட்டி வரையணும், முந்தின ஃப்ரேம் லேசா நிழல் மாதிரி தெரியும், அதுக்குப் பேர் ஆனியன் ஸ்கின். சினிமாவுக்கு செகண்டுக்கு 24 ஃப்ரேம், ஆனா நமக்கு 12 போதும் டீச்சர், எழுத்து மெதுவாத்தானே ஓடணும்னா. முதல்ல கொம்பு, அப்புறம் க. மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னாடி 'கெ' முடிஞ்சுது. எம்பி4 வீடியோவா எடுத்தோம், ஸ்கூல் லேப்டாப்ல, புரொஜெக்டர்ல, என் ஃபோன்ல, எல்லாத்துலயும் ஓடுது. பேரும் படமும் போட ஜிம்ப், இங்க்ஸ்கேப், குரல் பதிய ஆடாசிட்டி, எல்லாத்தையும் ஒட்ட கேடன்லைவ். யூனிகோட்ல அடிச்சா கொம்பு இருக்க வேண்டிய இடத்துல இருக்கு. ஒரு பைசா இல்லை, இதுல பாதிக்கு மேல நம்ம ஸ்கூல் லேப்டாப்ல ஏற்கனவே இருக்கு. பெரிய அனிமேஷன் செய்யற பிளெண்டரே 2002ல இருந்து எல்லாருக்கும் இலவசம்தான். அந்தப் பொண்ணு பொறுமையா சொல்லித் தந்ததை நினைச்சா இப்பவும் மனசு நெறஞ்சு போகுது.

அதனால யாராவது கோர்ஸ் சேரப் போறீங்கன்னா பணம் எடுக்கறதுக்கு முன்னாடி அவங்க முன்னாடியே 'கொக்கு'ன்னு ஒரு வார்த்தையை யூனிகோட்ல டைப் பண்ணி அசைய வைக்கச் சொல்லுங்க, அந்த ஃபைலை பென்டிரைவ்ல வாங்கிட்டு வந்து உங்க ஸ்கூல் லேப்டாப்ல போட்டுப் பாருங்க. ஓடலைன்னா விட்டுடுங்க. ஆன்ட்டி வைரஸை ஆஃப் பண்ணுங்கன்னு சொன்னா அப்பவே லேப்டாப்பை மூடிட்டு எழுந்திருங்க.

பணத்துக்கு என்ன பண்ணினேன்னு கேப்பீங்க. முதல்ல 1915க்கு அடிச்சேன், அது நேஷனல் கன்ஸ்யூமர் ஹெல்ப்லைன். புகார் நம்பர் கொடுத்தாங்க, அது சென்டருக்குப் போனதும் லைசென்ஸ் பணம் 4,500 மட்டும் திருப்பி அனுப்பிட்டு ஃபோனை எடுக்கறதை நிறுத்திட்டாங்க. "அவங்க தமிழ்நாடு, நீங்க கேரளா, பொள்ளாச்சிக்கும் கோயமுத்தூருக்கும் அலைய முடியுமா உங்களால"ன்னு சென்டர்ல ஒருத்தர் சொன்னார் பாருங்க, அதுதான் எனக்கு ரோஷம் வந்த இடம். அலைய வேண்டியதில்லைங்க. 2019 நுகர்வோர் சட்டம், 2020 ஜூலை 20ல நடைமுறைக்கு வந்தது, அதுல நாம குடியிருக்கற மாவட்டத்துலயே புகார் போடலாம்னு இருக்கு. நம்ம மாதிரி பார்டர்ல இருக்கறவங்க இதைக் கட்டாயம் தெரிஞ்சு வச்சுக்கணும். கொடுத்த பணம் 5 லட்சம் வரைக்கும்னா மாவட்ட நுகர்வோர் கமிஷன்ல ஃபீஸ் கிடையாது, நடந்து ரெண்டு வருஷத்துக்குள்ள போட்டுடணும். பாலக்காட்டுல போட்டிருக்கேன். நோட்டீஸ், பில், ஜிபே ஸ்கிரீன்ஷாட், வாட்ஸ்அப் பேச்சு, 11 கிளாஸுக்கு நான் கையெழுத்துப் போட்ட தாளோட போட்டோ எல்லாம் வச்சிருக்கேன்.

எங்க மூணு பேர் தவிர அந்த பேட்ச்ல வேட்டைக்காரன்புதூர் பக்கம் இருந்து வந்த ஒரு சாரும், ஆனைமலையில இருந்து வந்த ரெண்டு டீச்சரும் இருந்தாங்க, நம்பர் தொலைஞ்சு போச்சு. இதைப் படிச்சா கூப்பிடுங்க, உங்க பில்லை தூக்கிப் போட்டுடாதீங்க.