அக்கி வந்த கண்ணுக்குக் கடையில் சொட்டு மருந்து வாங்காதீர்கள்

அம்மாவுக்கு நெற்றியின் இடது பக்கம் அக்கி வந்தது. ஊர் வழக்கப்படி குயவரிடம் காவி எழுதிக்கொண்டார், டாக்டர் கொடுத்த அசைக்ளோவிர் என்ற வைரஸ் எதிர்ப்பு மருந்தையும் சாப்பிட்டார். கொப்புளம் காய்ந்த பிறகு அதே பக்கத்துக் கண் சிவந்தது. பஸ் ஸ்டாண்டு பக்கம் 'இலவசக் கண் பரிசோதனை' போர்டு மாட்டிய கண்ணாடிக் கடைக்குப் போயிருக்கிறார். வெள்ளைக் கோட்டுக்காரர் டார்ச் அடித்துப் பார்த்து, "சூடுதாம்மா" என்று வலியையும் வீக்கத்தையும் குறைக்கும் டைக்ளோஃபெனாக் சொட்டு மருந்தைக் கொடுத்தார். சீட்டும் இல்லை, பில்லும் இல்லை. அக்கி வந்ததை அம்மா சொன்னது அவர் காதில் ஏறவே இல்லை.

மறுபடி போனபோது கேட்டாராம்: "வலிக்குதா?"

"இல்லீங்க."

"அப்ப மருந்து கேக்குது." இன்னொரு பாட்டில்.

வலி இல்லாததுதான் அங்கே வியாதியே! நெற்றிக்கும் கருவிழிக்கும் (கண்ணின் முன்பக்கம் கண்ணாடி போல இருக்கும் படலம்) உணர்ச்சி தருவது ஒரே நரம்பின் கிளைகள். அக்கி அதைக் கெடுத்தால் கருவிழி மரத்துவிடும். தூசி விழுந்தாலும் தெரியாது, இமைப்பது குறையும், மேல்தோல் உரிந்தால் லேசில் ஆறாது. அதன்மேல் டைக்ளோஃபெனாக்கை ஊற்றினால் கருவிழியே கரையக்கூடும். அமெரிக்காவில் கருவிழி கரைந்த கேஸ்கள் வந்து, 1999லேயே ஒரு டைக்ளோஃபெனாக் சொட்டு மருந்தைச் சந்தையிலிருந்து எடுத்தார்கள். அவர்களாவது ஆபரேஷன் ஆன கண்ணுக்குப் போட்டார்கள்.

கண் ஆஸ்பத்திரியில் டாக்டர் பஞ்சை நூலாகத் திரித்துக் கருவிழியைத் தொட்டார். வலது கண் வெடுக்கென்று மூடியது. இடது கண் அப்படியே திறந்திருந்தது, பஞ்சு பட்டதே அம்மாவுக்குத் தெரியவில்லை. சாயம் போட்டு நீல வெளிச்சத்தில் பார்த்தால், நடுவில் பச்சையாக ஒரு புண். முதல் வேலையாக அந்தச் சொட்டை நிறுத்தினார்கள். பிரிசர்வேட்டிவ் இல்லாத கண்ணீர்ச் சொட்டு கொடுத்தார்கள், இமையைப் பாதி தைத்தார்கள். புண் ஆறிவிட்டது. தழும்பு நட்டநடுவில் என்பதால் பார்வை மங்கல்தான்.

நெற்றியில் அக்கி வந்து, மூக்கு நுனியிலும் கொப்புளம் இருந்தால் கண்ணையும் தாக்க வாய்ப்பு அதிகம். வலிக்கிறதோ இல்லையோ, கண் டாக்டரிடம் காட்டி, கருவிழியில் உணர்ச்சி இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். ஸ்டீராய்டு சொட்டையும் நீங்களாகக் கடையில் வாங்கிப் போடாதீர்கள், டாக்டர் கண்காணிப்பில் மட்டும்.

மருந்து ஆய்வாளரிடம் புகார் கொடுத்தோம். அவர் முதலில் கேட்டது பில். எங்களிடம் இருப்பது காலி பாட்டில் மட்டும். அது தன் கடையில் வாங்கியதே இல்லை என்கிறார் கடைக்காரர்.