விமானம் கட்ட இடம்: கார் ஷெட்டா, வாடகைக் கூடமா, ஹேங்கரா?

சொந்தக் கையால் ஒரு சின்ன விமானம் கட்ட வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் பலரும் முதலில் தயங்கி நிற்பது இடத்தை நினைத்துத்தான். "இறக்கையே 25 அடி, அதை எங்கே வைப்பது?" என்று மலைத்துப்போகிறார்கள். அவ்வளவு மலைக்க வேண்டியதில்லை. பாகங்களாக வாங்கி நாமே சேர்த்துக் கட்டும் உலோகக் கிட்களில் பரவலாகக் கட்டப்படும் வேன்ஸ் நிறுவனத்தின் ஆர்வி-7ஐ எடுத்துக்கொள்வோம். இறக்கையின் ஒரு நுனியிலிருந்து மறு நுனிவரை 25 அடி. மொத்த நீளம் 20 அடிக்குச் சற்று மேல். ஆனால் இறக்கைகள் உடலோடு சேரும் கடைசிக் கட்டம் வரை அந்த 25 அடி எங்கும் தேவைப்படாது. அதுவரை வலது இறக்கை தனி, இடது இறக்கை தனி, ஒவ்வொன்றும் ஏறக்குறைய 12 அடி. முடிந்த இறக்கைக்கு மரத்தில் ஒரு தொட்டில் அடித்து, முன்விளிம்பு கீழே இருக்கும்படி செங்குத்தாக நிறுத்திவிட்டால் சுவரோரம் ஒதுங்கிக்கொள்ளும். வால் பகுதியை ஒரு மேஜையிலேயே கட்டி முடித்துவிடலாம்.

அதனால் இடங்களை ஒப்பிடும்போது நான் முதலில் பார்ப்பது இரண்டு விஷயங்கள். அங்கே போய்ச் சேர எவ்வளவு நேரம் ஆகும்? கட்டியதை வெளியே கொண்டுவர வாசல் எவ்வளவு பெரிது? பரப்பளவெல்லாம் அப்புறம்தான்.

போய்ச் சேரும் நேரத்தை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், கணக்கு அப்படி. இந்த வகை உலோகக் கிட்டுக்கு 1,500 முதல் 2,000 மணி நேரம் வேலை என்பது பொதுவான மதிப்பீடு. 1,600 என்றே வைத்துக்கொள்ளுங்கள். வேலைக்குப் போகிறவர் ஒரு நாள் மாலை இரண்டு மணி நேரம் ஒதுக்கினால் 800 மாலைகள். பட்டறை 45 நிமிடத் தொலைவில் இருந்தால் போக வர ஒன்றரை மணி. அப்படியானால் சாலையில் மட்டும் 1,200 மணி நேரம். முக்கால் விமானம் கட்டும் நேரம் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே கழிந்துவிடும்.

இந்தக் கணக்கில் கார் ஷெட்டை மிஞ்ச வேறு எதுவும் இல்லை. ஒரு கார் நிற்கும் ஷெட் பொதுவாக 10 அல்லது 12 அடி அகலம், 20 அடி நீளம் இருக்கும். எஞ்சினும் சுக்கானும் மாட்டாத உடற்பகுதி அதற்குள் அடங்கிவிடும். சுற்றி நடக்கத்தான் நெருக்கமாக இருக்கும். இரண்டு கார் ஷெட் கிடைத்தால் அது வரம். இந்த வேலையில் பெரும்பகுதி பெரிய அசைவுகளே இல்லாத வேலை. சாப்பிட்டுவிட்டு ஷெட்டுக்குப் போய் விளக்கைப் போட்டு, இறக்கையின் ஒரு குறுக்குச் சட்டத்தைக் கையில் எடுக்கிறீர்கள். துளை போட்ட இடங்களில் அலுமினியத்தின் பிசிறு கண்ணுக்குத் தெரியாமல் நிற்கும். விரல் நுனியை ஓடவிட்டால் நறுக்கென்று தட்டும். ஒவ்வொரு துளையிலும் பிசிறை எடுத்து, ஓரங்களை வழவழவென்று ஆகும்வரை தேய்க்க வேண்டும், ஏனென்றால் விரிசல் அந்தப் பிசிறிலிருந்துதான் கிளம்பும். ஒரு சட்டத்துக்கு அரை மணி போதும். அரை மணி கையில் இருக்கும்போது 45 நிமிடத் தொலைவுக்கு யார் கிளம்புவார்கள்? ஷெட் பக்கத்தில் இருந்தால் அந்த அரை மணிகள் எல்லாம் வேலையாகச் சேரும்.

ஷெட்டின் குறைகளையும் சொல்ல வேண்டும். தகடுகளை ஆணியடித்து இணைக்கும் ரிவெட் துப்பாக்கியின் சத்தம் காதையே பதம் பார்க்கும், கம்ப்ரஸரும் சும்மா இருக்காது. அக்கம்பக்கத்தாரிடம் முன்கூட்டியே பேசி, எத்தனை மணிக்கு நிறுத்துவீர்கள் என்று சொல்லிவிடுவது நல்லது. ஒரே ஷெட்டில் காஸ் ஹீட்டரோ வேறு அணையாத சுடரோ இருந்தால், கரைப்பான், பெயின்ட் வேலைகளை அங்கே செய்யவே கூடாது. துணி போர்த்தும் விமானங்களுக்குப் பூசும் நைட்ரேட் டோப் பற்றிக்கொள்ளக்கூடியது, அதன் ஆவியும் அப்படித்தான்.

வீட்டுக்குள்ளேயே ஓர் அறை அல்லது நிலவறை என்றால் தூரம் இன்னும் குறையும், குளிரும் வெயிலும் தொல்லை தராது. சொந்தமாக விமானம் கட்டுகிறவர்களுக்காக அமெரிக்காவில் 1953இல் பால் போபரெஸ்னி தொடங்கிய எக்ஸ்பெரிமென்டல் ஏர்கிராஃப்ட் அசோசியேஷன் என்ற சங்கம், தன் ஆரம்ப ஆண்டுகளில் அவர் வீட்டு நிலவறையிலிருந்துதான் இயங்கியது. ஆனால் இங்கே பேச வேண்டியது வாசலைப் பற்றி. கிடைவால், அதாவது வாலில் கிடைமட்டமாக நீளும் பகுதி, பல மாடல்களில் எட்டு அடியைத் தாண்டும். படிக்கட்டுத் திருப்பத்தில் அதைக் கற்பனை செய்து பாருங்கள். ஆகவே வாங்குவதற்கு முன்பே பகுதியின் உண்மை அளவில் அட்டையை வெட்டி, இரண்டு பேர் பிடித்து, அறையிலிருந்து தெருவரை ஒருமுறை நடந்து பார்க்க வேண்டும். அட்டை மடங்கிய இடத்தில் இறக்கை மடங்காது. வால், குறுக்குச் சட்டங்கள், மின்வயர்கள், கருவிப் பலகை ஆகியவற்றுக்கு அறை அருமையான இடம். உடற்பகுதிக்கு வேண்டாம்.

எந்தப் பொருளில் கட்டுகிறீர்கள் என்பதைப் பொறுத்தும் விடை மாறும். வடிவமைப்பாளர் பர்ட் ரூட்டனின் லாங்-ஈஸி போல ஃபோமை வெட்டி, மேலே ஃபைபர்கிளாஸும் எப்பாக்சி என்ற பிசினும் போர்த்திக் கட்டும் விமானமென்றால் படுக்கையறைக்குப் பக்கத்து அறையை மறந்துவிடுங்கள். எப்பாக்சி தோலில் பட்டுப் பட்டு ஒரு நாள் ஒவ்வாமையாகிவிடும். ஒருமுறை வந்துவிட்டால் அப்புறம் அந்த வேலையையே விட வேண்டிவரலாம். தேய்க்கும்போது கிளம்பும் தூசி வீடெங்கும் படியும். சூட்டுக்கம்பியால் ஸ்டைரோஃபோமை வெட்டலாம், யூரித்தேன் ஃபோமை வெட்டக் கூடாது, அதன் புகை நஞ்சு. எப்பாக்சி சரியாக இறுக இதமான, நிலையான வெப்பமும் வேண்டும். மரத்தில் கட்டுகிறவர்களுக்குத் தொல்லை ஈரப்பதம். மரம் ஈரத்தை உறிஞ்சி உப்பும், உலர்ந்து சுருங்கும், ஒட்டிய மூட்டுகள்தான் அதைத் தாங்க வேண்டியிருக்கும். உலோகம் இந்த விஷயத்தில் பொறுமைசாலி, சத்தம்தான் அதன் ஒரே பெரிய குறை.

தோட்டத்தில் கன்டெய்னர் இறக்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. பூட்டினால் பத்திரம், உண்மைதான். ஆனால் உள் அகலம் 2.35 மீட்டர், அதாவது ஏழே முக்கால் அடிகூட வராது. கிடைவாலை மாட்டிப் பார்க்க முடியாது. வெயிலில் உள்ளே நிற்க முடியாது, இரவுக் குளிரில் கூரையிலிருந்து நீர் சொட்டும். முடித்த பாகங்களை வைக்கக்கூட ஈரத்துக்கு ஏதாவது வழி செய்த பிறகுதான் அதை நம்புவேன்.

வாடகைக் கூடம் பார்க்கப் பார்க்க ஆசை காட்டும். உயர்ந்த கூரை, அகலமான ஷட்டர், சமமான தரை. ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் மின்சாரம் எவ்வளவு தருகிறார்கள், பெயின்ட் அடிக்க விடுவார்களா, இரவில் வாயிற்கதவு திறந்திருக்குமா என்று கேளுங்கள். பொருள் வைக்க மட்டும் என்று தரப்படும் இடங்களில் வேலை செய்யவே அனுமதி இருக்காது. நடந்து போகும் தூரமாக இருந்தால் நானே எடுப்பேன். இல்லையென்றால் மேலே போட்ட கணக்கை மறுபடி பாருங்கள். வாடகை மாதாமாதம் போய்க்கொண்டே இருக்கும்போது அவசரம் வரும், விமான வேலையில் அவசரம் நல்லதல்ல.

பலர் சேர்ந்து பயன்படுத்தும் பொதுப் பட்டறை கருவிகளுக்கு நல்லது, விமானத்துக்கு இல்லை. சிக்கலான ஒரு பாகத்தைக் கடைந்து வர அங்கே போகலாம். பாதியில் நிற்கும் உடற்பகுதியை வருடக்கணக்கில் யாரும் கைவைக்காமல் அங்கே விட்டுவைக்க முடியாது.

ஹேங்கர், அதாவது விமான நிலையத்தில் விமானம் நிறுத்தும் கூடம், என்றதும் மனம் பறக்கும், அது இயல்பு. இறக்கை மாட்டுவது, எடையும் ஈர்ப்பு மையமும் பார்ப்பது, எஞ்சினை முதன்முதலாக ஓட்டுவது எல்லாம் அங்கேதான் நடக்க வேண்டும். பக்கத்து ஹேங்கரில் ஏற்கெனவே ஒன்றைக் கட்டிப் பறக்கும் ஒருவர் எட்டிப் பார்த்து, "இந்த வயரை இங்கே கட்டாதே, உரசும்" என்று சொல்வாரே, அதற்கு விலை கிடையாது. ஆனால் முதல் ரிவெட்டிலிருந்து அங்கே இருக்க வேண்டியதில்லை. பல ஹேங்கர்களில் வெளிச்சம் போதாது, குளிரிலும் வெயிலிலும் வேலை நிற்கும், வாடகையும் ஆண்டுக்கணக்கில் ஓடும். வருகிறவர்கள் பேச்சும் நேரத்தைத் தின்னும்.

எனவே நான் சொல்லும் வழி இது. வாலும் சிறு பாகங்களும் வீட்டு அறையில். இறக்கைகளும் உடற்பகுதியும் கார் ஷெட்டில். எஞ்சின் மாட்டும் வேலையைக்கூட முடிந்தவரை ஷெட்டிலேயே தொடருங்கள். இறக்கைகளைச் சேர்க்கும் கடைசி சில மாதங்களுக்கு மட்டும் ஹேங்கர். தொட்டிலோடு இறக்கைகளை ஏற்ற ஒரு லாரி, உடற்பகுதிக்கு ஒரு டிரெய்லர், கூடத் தூக்க நாலு பேர் போதும். ஹேங்கருக்குக் காத்திருப்போர் பட்டியல் இருக்கும் ஊரென்றால் உடற்பகுதியைத் தொடங்கும் நாளிலேயே பெயரைக் கொடுத்துவிடுங்கள்.